புயல், வெள்ளக் காலத்தில் தொடர் சிகிச்சை: நெய்வேலி வட்டார நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

நெய்வேலி நகரியம் கடற்கரையிலிருந்து முப்பது, நாற்பது கிலோமீட்டர் உள்ளே அமைந்திருப்பதால், புயல் என்பது கடலூர், புதுச்சேரிக் கரையோர மக்களுக்கு மட்டுமே உரிய இடர் என்னும் எண்ணம் இங்குப் பலரிடம் நெடுங்காலம் இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த ‘தானே’ புயல் அந்த எண்ணத்தை மாற்றியது. நகரியத்தின் நிழல் தரும் மரங்கள் சாலைகளின் குறுக்கே சாய்ந்தன. பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு விழுந்தன. நாட்டின் பல பகுதிகளுக்கு மின்சாரம் தரும் அனல் மின் நிலையங்கள் அருகிலேயே இருந்தும், கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில் வாரக்கணக்கில் விளக்கு எரியவில்லை. மின்கம்பங்கள் எல்லாம் விழுந்துவிட்டிருந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து, 2015 நவம்பர் 9, 10 தேதிகளில், நெய்வேலியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ‘ஃபெஞ்சல்’ புயலைத் தொடர்ந்து தென்பெண்ணையாற்றில் பெருக்கெடுத்த வெள்ளம் மாவட்டத்தின் ஆற்றங்கரை ஊர்களைச் சூழ்ந்தது.

இப்பக்கம் புயலில் காயமுறுவோரைப் பற்றியது அன்று. ஏற்கெனவே சிறுநீரகச் செயலிழப்பு, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மூச்சு நோய், வலிப்பு, காசநோய் போன்றவற்றுக்கு இடைவிடாத சிகிச்சையில் உள்ளவர்களும் அவர்களைப் பராமரிப்போரும் அத்தகைய நாட்களை எவ்வாறு கடப்பது என்பதை இது விளக்குகிறது.

கணக்கில் வராத உயிரிழப்புகள்

சுவர் இடிந்தும், மரம் விழுந்தும், நீரில் மூழ்கியும் இறப்போர் அரசுக் கணக்கில் உடனே இடம்பெறுகின்றனர். சிகிச்சை அறுந்ததால் பத்து நாட்கள் கழித்து வீட்டில் இறப்பவர் பெரும்பாலும் அக்கணக்கில் வருவதில்லை. இதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியது கரீபியன் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவு. 2017 செப்டம்பரில் ‘மரியா’ சூறாவளி தாக்கியபின் அங்கு அறிவிக்கப்பட்ட இறப்பு எண்ணிக்கை 64. ஓராண்டுக்குப் பின் நடந்த ஆய்வை ஏற்று அத்தீவின் அரசே அதனை 2,975 எனத் திருத்தியது. வீடு வீடாகச் சென்று நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வில், பதிவான இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மருத்துவ உதவி தாமதமானதோ கிட்டாமற்போனதோ காரணம் எனக் கண்டறியப்பட்டது. மின்சாரம் இல்லை, சாலை இல்லை, மருந்து இல்லை, தொலைபேசி இல்லை. காற்று ஓய்ந்த பின்னரும் இந்த நான்கும் திரும்பாத நாட்களே நாட்பட்ட நோயாளிகளுக்கு உண்மையான ஆபத்துக் காலம்.

டயாலிசிஸ் சிகிச்சையில் உள்ளோர்

பேரிடரில் மிக விரைவாகப் பாதிக்கப்படுவோர் இவர்களே. ஆகவே இப்பகுதி சற்று விரிவாக எழுதப்படுகிறது.

செயலிழந்த சிறுநீரகத்தால் உடலிலுள்ள நீரையும் பொட்டாசியம் என்னும் உப்பையும் வெளியேற்ற இயலாது. இரண்டு டயாலிசிஸ்களுக்கு இடையே இவ்விரண்டும் இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகின்றன. நீர் மிகுந்தால் நுரையீரலில் கோத்து மூச்சுத் திணறும். பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, முன்னறிவிப்பின்றி நின்றும் போகலாம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். தானே புயல் கரை கடந்த நாள் வெள்ளிக்கிழமை. திங்கள், புதன், வெள்ளி என வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர் அந்த வெள்ளியைத் தவறவிட்டால், புதனுக்குப் பின் அடுத்த திங்கள் வரை ஐந்து நாட்கள் காத்திருக்க நேரும். நம் நாட்டில் பலருக்கு நடைமுறையில் வாரம் இரு முறையே சிகிச்சை நடைபெறுகிறது. செவ்வாய், வெள்ளி என வருபவருக்கு அந்த ஒரு தவறல் முழுமையாக ஏழு நாள் இடைவெளி ஆகிவிடும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 2005-இல் ‘கத்ரினா’ சூறாவளிக்குப் பின் டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், பத்தில் நான்கு பேருக்கும் மேல் குறைந்தது ஒரு முறையேனும் சிகிச்சையைத் தவறவிட்டிருந்தனர்.

அந்தப் படிப்பினை வீணாகவில்லை. 2012-இல் ‘சாண்டி’ சூறாவளி நியூயார்க், நியூ ஜெர்சி கடற்கரையை நெருங்கியபோது, எச்சரிக்கை வந்ததுமே நோயாளிகள் பலருக்கு முறை நாளுக்கு முன்னதாகவே டயாலிசிஸ் செய்து முடிக்கப்பட்டது. அவ்வாறு முன்கூட்டியே செய்துகொண்டவர்களிடையே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நிலையும் இறப்பும் குறைவாக இருந்தன எனப் பின்னர் உறுதியானது. நாம் பின்பற்றக்கூடிய மிக எளிய, செலவற்ற வழி இதுவே. வங்கக்கடலில் உருவாகும் புயல் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே வானிலை மையத்தால் அறிவிக்கப்படுகிறது. ‘எனக்கு நாளை மறுநாள் முறை, அதை இன்றோ நாளையோ செய்ய இயலுமா?’ என உங்கள் டயாலிசிஸ் மையத்தில் அன்றே கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். மையத்தினரும் இதை எதிர்பார்த்திருக்க வேண்டியவர்களே. சாலை அடைபட்டால் வேறு எந்த அரசு மருத்துவமனையில் செய்துகொள்ளலாம் என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேறு மையத்துக்குச் செல்வோர் கடைசிச் சிகிச்சைக் குறிப்பு, உலர் எடை, மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கும் எச்.ஐ.வி.க்கும் செய்த பரிசோதனை முடிவுகள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை ஆகியவற்றின் நகலை நெகிழி உறையில் இட்டு உடன் எடுத்துச் செல்ல வேண்டும். அவை இல்லாவிட்டால் அங்குச் சிகிச்சை தொடங்குவதில் தாமதம் ஏற்படும்.

சிகிச்சை தள்ளிப்போகும் என்று தெரிந்த கணமே உணவுக் கட்டுப்பாட்டை இறுக்க வேண்டும். மருத்துவர் வேறு அளவு கூறியிருந்தாலன்றி, குடிநீர், தேநீர், கஞ்சி, ரசம் அனைத்தும் சேர்த்து ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. தாகம் எடுத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்பலாம்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஓர் ஆபத்தைக் குறிப்பிட வேண்டும். புயலுக்கு மறுநாள் சாய்ந்து கிடக்கும் தென்னைகளிலிருந்து இளநீர் வெட்டிக் குடிப்பதும், குடிநீர் கிடைக்காத வீடுகளுக்கு அதைக் கொடுத்தனுப்புவதும் இயல்பு. நல்ல மனத்தோடு கொடுக்கப்படும் அந்த இளநீர், டயாலிசிஸ் நோயாளிக்கு உயிரைப் பறிக்கக்கூடியது. அதில் பொட்டாசியம் மிகுதி. நிவாரணமாக வரும் வாழைப்பழமும் அவ்வாறே. பொட்டலத்தில் வரும் புளிச்சோறு, ஊறுகாய், பிஸ்கட் ஆகியவற்றிலுள்ள உப்பு தாகத்தைத் தூண்டி நீர் அருந்த வைக்கும். உப்பில்லாத சோறு, இட்லி, சர்க்கரை சேர்த்த அவல் ஆகியன ஏற்றவை; நீரிழிவு உள்ளோர் சர்க்கரையைத் தவிர்க்கலாம். சோடியம் குறைந்தது என விற்கப்படும் மாற்று உப்பில் பெரும்பாலும் பொட்டாசியமே சேர்க்கப்படுகிறது. அதைத் தொடவே கூடாது.

கைகால் திடீரெனத் தளர்தல், படபடப்பு, படுத்தால் மூச்சு முட்டுதல், முகம் வீங்குதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திருக்கலாகாது. 108-ஐ அழைக்கும்போது ‘டயாலிசிஸ் நோயாளி, கடைசியாக இத்தனை நாட்களுக்கு முன் செய்தது’ என முதல் வாக்கியத்திலேயே கூறுங்கள்.

வயிற்று உறை வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு மின்சாரம் இன்றியும் சிகிச்சையைத் தொடர இயலும் என்பது பெரும் நன்மை. ஆயினும் திரவப் பைகளைத் தரையில் அடுக்காமல் பரண் அல்லது மேசை மீது வைக்க வேண்டும். வெள்ள நீர் தொட்ட பை, உறை சேதமில்லாதது போலத் தோன்றினாலும் பயன்படுத்தத் தகாதது.

மற்றொன்று. 1988-இல் ஆர்மீனிய நிலநடுக்கத்திலும், 1999-இல் துருக்கி நிலநடுக்கத்திலும் இடிபாடுகளில் தசை நசுங்கிய நூற்றுக்கணக்கானோருக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் தேவைப்பட்டது. நசுங்கிய தசையிலிருந்து வெளியாகும் பொருட்கள் சிறுநீரகத்தை அடைத்துவிடுவதே காரணம். மரத்தின் அடியிலோ சுவரின் அடியிலோ நெடுநேரம் கை, கால் சிக்கி மீட்கப்பட்டவர், எலும்பு முறியவில்லை என்பதற்காக வீட்டில் இருந்துவிடக் கூடாது. சிறுநீர் கறுத்தோ குறைந்தோ போனால் அது அவசர நிலை.

இன்சுலினும் நீரிழிவும்

மின்சாரம் நின்றதும் பலர் இன்சுலின் கெட்டுவிட்டது எனக் கருதி ஊசியையே நிறுத்திவிடுகின்றனர். இது பெரும் தவறு. பயன்பாட்டில் உள்ள இன்சுலின் குப்பி 30 டிகிரி செல்சியஸுக்கு உட்பட்ட அறை வெப்பத்தில் பொதுவாக நான்கு வாரம் வரை திறன் குன்றாது. திறக்காத குப்பிகளுக்கே குளிர்பதனம் தேவை. மண்பானை ஒன்றில் ஈர மணலை இட்டு, நீர் புகாத சிறு டப்பாவில் குப்பியை வைத்து அதனுள் பதித்து, ஈரத்துணியால் மூடி நிழலில் வைத்தால் வெளி வெப்பத்தைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும். பனிக்கட்டியின் மீது நேரடியாக வைக்க வேண்டாம்; உறைந்த இன்சுலின் பயனற்றது. தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலும், கலங்கலாக இருக்கும் வகையில் திரிதிரியாகப் படிந்திருந்தாலும் அதை ஒதுக்கிவிடுங்கள்.

உணவு எப்போது வரும் எனத் தெரியாத நிவாரண முகாமில் எதிர்மாறான சிக்கல் எழுகிறது. வழக்கம்போல் மாத்திரையையோ ஊசியையோ எடுத்துக்கொண்டு உணவுக்காகக் காத்திருப்பவருக்குச் சர்க்கரை அளவு சரிந்து வியர்வை, நடுக்கம், குழப்பமான பேச்சு தோன்றும். உணவு கைக்கு வந்த பின்னரே வேளை ஊசியைப் போடுங்கள். ஆனால் நீண்டநேரம் செயல்படும் அடிப்படை இன்சுலினை முழுமையாக நிறுத்தாதீர்கள். சட்டைப்பையில் சிறிது சர்க்கரை எப்போதும் இருக்கட்டும். அறிகுறி கண்டதும் மூன்று தேக்கரண்டி சர்க்கரை, பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் அதே அளவு. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது.

நீரிழிவு நோயாளிகளுக்கு வெள்ளக் காலத்தில் கால் புண்ணே அதிகத் தொல்லை தருவது எனலாம். உணர்வு குன்றிய பாதம் தேங்கிய நீரில் கிடக்கும் ஆணியையோ ஓட்டுத் துண்டையோ அறியாது. புண்ணை நான்கைந்து நாட்கள் கழித்துப் பராமரிப்பவர் கண்டுபிடிக்கும்போது அது விரலை இழக்கும் நிலைக்குப் போயிருக்கும். ஆகவே வெறுங்காலுடன் நீரில் இறங்கக் கூடாது. மாலையில் யாரேனும் ஒருவர் விளக்கொளியில் இரு பாதங்களையும், விரலிடுக்குகள் உட்பட, பார்த்தல் வேண்டும். நடைமுறையில் இது ஒரு நிமிட வேலை.

மூச்சு நோயாளிகள், ஆக்சிஜன் கருவி பயன்படுத்துவோர்

வீட்டில் ஆக்சிஜன் செறிவாக்கிக் கருவி வைத்திருப்போர் மின்தடையைத் தாங்கும் அளவுக்கு உருளை ஒன்றை மாற்றாக வைத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தேவை, அவ்வளவில் உருளை எத்தனை மணி நேரம் வரும் என்பதை முன்பே கணக்கிட்டு அதன் மீதே ஒட்டிவிடுங்கள். இல்லாதோர் புயலுக்கு முந்தைய நாளே மருத்துவமனையில் சேர்வது தக்கது.

ஜெனரேட்டரை வீட்டினுள்ளோ, தாழ்வாரத்திலோ, திறந்த சன்னலுக்கு அருகிலோ இயக்கக் கூடாது. மழைக்காக அதை உள்ளே இழுத்து வைப்பது உயிருக்கே ஆபத்து. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே இறந்துவிடுவர். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டுவதும் இதே காரணத்தால் தவிர்க்கத்தக்கது.

மாத்திரையும் மருந்துக் குறிப்பேடும்

‘என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?’ என்று முகாமில் கேட்டால் ‘வெள்ளை நிறம், சின்னது, இரவில் ஒன்று’ என்பதே பெரும்பாலோர் தரும் விடை. வெள்ளை நிறச் சிறு மாத்திரைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஜப்பானில் 1995-இல் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பின், ஒவ்வொருவரும் தம் மருந்துகளைப் பதிந்த சிறு குறிப்பேட்டை வைத்திருக்கும் வழக்கம் பரவியது. 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் மருத்துவமனைப் பதிவுகளை அழித்தபோது, அக்குறிப்பேட்டைக் கொண்டே பலருக்கு உரிய மருந்து உடனே வழங்கப்பட்டது. நாம் புதிதாக எதையும் அச்சிட வேண்டியதில்லை. மாத்திரை அட்டையின் பெயருள்ள பக்கத்தையும் மருத்துவமனைச் சீட்டையும் கைப்பேசியில் படம் எடுத்து, வெளியூரிலுள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். கைப்பேசி அணைந்துவிட்டால் உதவ, காகிதத்தில் ஒரு படியும் இருக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை, எப்போதும் குறைந்தது இரண்டு வாரத்துக்கான மருந்து கையிருப்பில் இருப்பது நலம். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மருந்து பெறுவோர், புயல் எச்சரிக்கை வந்தவுடன் அடுத்த தவணையை முன்னதாகத் தருமாறு களப்பணியாளரிடம் கேளுங்கள்.

சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவது, அந்நோயைவிடக் கேடானது. வலிப்பு மருந்து நின்றால் ஓரிரு நாளில் தொடர் வலிப்பு வரக்கூடும். நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்போருக்கு இரத்த அழுத்தம் சரியும். சில வகை இரத்த அழுத்த, இதய மாத்திரைகளை நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட உயரும். காசநோய், எச்.ஐ.வி. மருந்துகளில் இடைவெளி விழுந்தால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறும். இம்மருந்துகள் தீர்ந்துபோனால், நீங்கள் பதிவு செய்துகொண்ட மையமே வேண்டும் என்றில்லை. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தையும் அணுகலாம்.

இடம் பெயர்தல்

வங்கதேசத்தில் 1970-இல் வீசிய புயலில் குறைந்தது மூன்று இலட்சம் பேரும், 1991-இல் சுமார் 1,38,000 பேரும் மாண்டனர். 2007-இல் ‘சிதர்’ புயலில் இறந்தோர் சுமார் 3,400. ஒடிசாவில் 1999 பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். 2013-இல் ‘பைலின்’ வந்தபோது பத்து இலட்சம் பேர் அளவில் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டு, இறப்பு ஐம்பதுக்குள் அடங்கியது. எச்சரிக்கை, தன்னார்வலர், உறுதியான புகலிடம் என்னும் மூன்றும் இணைந்ததன் பயன் இது. 2004 ஆழிப்பேரலையில் அறுநூறுக்கும் மேற்பட்டோரை இழந்த கடலூர் மாவட்டத்திலும் இன்று பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையங்கள் உள்ளன.

எனினும் படுக்கையில் உள்ள நோயாளியை இடம் பெயர்ப்பதில் தனி எச்சரிக்கை தேவை. 2011-இல் புகுஷிமாவில், போதிய மருத்துவத் துணையின்றி அவசரமாகப் பேருந்துகளில் நெடுந்தூரம் கொண்டு செல்லப்பட்ட முதிய நோயாளிகள் பலர் வழியிலும் அடுத்த சில நாட்களிலும் இறந்தனர். ஓட்டு வீடு, கீற்று வீடு, சிமெண்ட் தகட்டுக் கூரை வீடு ஆகியவற்றில் இருப்போரைக் காற்று எழும் முன், பகல் வெளிச்சத்தில், அருகிலுள்ள கான்கிரீட் கட்டடத்துக்கு மாற்றுவதே முறை. நகரியத்தின் குடியிருப்புகளில் சுவர் உறுதியானது என்றாலும் பெரிய மரத்தை ஒட்டிய அறையில் நோயாளியைப் படுக்க வைக்க வேண்டாம். வடக்குத்து, மந்தாரக்குப்பம் போன்ற சுற்றுப்புற ஊர்களில் தனித்து வாழும் முதியோரின் பெயரை ஊராட்சியிலோ கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ முன்பே தெரிவித்து வையுங்கள். பேறுகாலம் நெருங்கிய கர்ப்பிணிகள், வலி தொடங்கும்வரை காத்திராமல் எச்சரிக்கை வந்ததும் மருத்துவமனையில் சேர வேண்டும்.

வெள்ளம் வடிந்த பின்

தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்து எலிக்காய்ச்சல் பரவுகிறது. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் இந்நோய் பெருகியபோது, துப்புரவுப் பணியில் ஈடுபட்டோருக்கு வாரம் ஒரு முறை டாக்சிசைக்ளின் மாத்திரை வழங்கப்பட்டது. சேற்றைத் துப்புரவு செய்வோர் மருத்துவ அலுவலரைக் கேட்டே இதை எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் இது பொருந்தாது. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் அன்றே இரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள்.

குடிநீரை நன்கு கொதித்த பின் மேலும் ஒரு நிமிடமாவது கொதிக்க வையுங்கள். வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் அனைவருக்கும் ஏற்றது என்றாலும், டயாலிசிஸ் நோயாளிகளும் இதயச் செயலிழப்பு உள்ளோரும் அதன் அளவை மருத்துவரிடம் கேட்டுப் பருக வேண்டும். வயிற்றுப்போக்கு நிற்கும்வரை சில நீரிழிவு மாத்திரைகளையும், சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகளையும், சில இரத்த அழுத்த மாத்திரைகளையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். எவற்றை நிறுத்துவது, எவற்றைத் தொடர்வது என்பதை 104 எண்ணில் கேட்கலாம்.

புற்றிழந்த பாம்புகள் வீட்டினுள்ளும் விறகினுள்ளும் ஒதுங்கும். கடிபட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து நச்சுமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். சாய்ந்த மரங்களை வெட்டும்போது ஏற்படும் காயங்களும் மிகுதி. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்போர் கோடரியைக் கையில் எடுக்க வேண்டாம்; மற்றவர்கள் சிறு வெட்டாயினும் தடுப்பூசிக்கு வந்து சேரட்டும்.

தோப்பையோ வீட்டையோ இழந்தவருக்கு உறக்கமின்மை, மழைச் சத்தம் கேட்டாலே நடுக்கம், மருந்தே வேண்டாம் என்ற சலிப்பு ஆகியவை சில வாரங்கள் இருப்பது இயல்பு. ஒரு மாதம் கடந்தும் நீடித்தாலோ, இருந்து என்ன பயன் என்று பேசத் தொடங்கினாலோ 14416 என்னும் மனநல உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. முந்திரியும் பலாவும் மீண்டும் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், தானேவுக்குப் பின் இந்த வட்டாரத்து உழவர் குடும்பங்களின் கவலை முதல் மாதத்தோடு முடியவில்லை. பராமரிப்பவரும் அதே தோப்பை இழந்தவராக இருக்கக்கூடும். நோயாளியோடு வரும்போது தம் இரத்த அழுத்தத்தையும் அவர் பார்த்துக்கொள்ளலாம்.

அவசர ஊர்தி: 108. மருத்துவ ஆலோசனை: 104. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை: 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறை: 1070. இவற்றைக் கைப்பேசியில் மட்டுமன்றி, நோயாளியின் படுக்கைக்கு அருகிலுள்ள சுவரிலும் எழுதி வையுங்கள்.